நாயும் நடைபாதையும்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் மூத்தது நாய். ஆடும் மாடும் குதிரையும் அவனது வீட்டு வாயிலை அடைவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்னரே, ஓநாயின் வழிவந்த நாய் அவனுக்கு வேட்டைத் துணையாகவும் இரவுக் காவலாகவும் அமைந்துவிட்டது.

தமிழர் நாயின் நன்றியைக் கல்லிலும் பொறித்து வைத்தனர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. அது 7ஆம் நூற்றாண்டினது. எருமைகளைக் காக்கும் போரில் உயிர்நீத்த வீரன் ஒருவனுக்காக எடுக்கப்பட்ட அக்கல்லில் அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துத் தலைவனருகே காத்து நின்றது என்றும் கல்வெட்டுக் கூறுகின்றது. பாரதக் கதையிலோ, தருமர் இமயமலைமீது மேற்கொண்ட இறுதிப் பயணத்தில் அவரைக் கடைசிவரை பின்தொடர்ந்தது ஒரு நாயே.

மாணவச் செல்வங்களே! தருமரைப் பின்தொடர்ந்த நாய்க்குக் கயிறு தேவைப்படவில்லை. அந்த மலைப்பாதையில் எதிரே வருவார் எவருமில்லை. ஆனால், மாலை 6 மணிக்குத் தோ பாயோவின் பூங்காப் பாதையில் நடந்து பாருங்கள். குழந்தைகளும் முதியோரும், ஓடுவோரும் மிதிவண்டியில் செல்வோரும் அங்கே ஒருவரையொருவர் கடந்த வண்ணம் இருப்பர். அந்தக் கூட்டத்தினூடே நாயை அழைத்துச் செல்வது ஒரு கலை. அதற்குக் கருவி கழுத்துப்பட்டையும் அதனோடு இணைந்த வாரும் ஆகும். அவ்வார் எதற்காக இருக்கின்றது, அதனை எவ்வாறு பிடிக்க வேண்டும், எதிரே வருவோர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சதுப்பு நிலம் நகரான கதை

தோ பாயோ என்னும் பெயருக்குப் 'பெரிய சதுப்பு நிலம்' என்பது பொருள். 'தோ' என்னும் ஹொக்கியன் சொல் பெரியது என்று பொருள்படும். 'பாயோ' என்பது சதுப்பைக் குறிக்கும் 'பாயா' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு. முன்னாளில் அங்கே அத்தாப்புக் குடிசைகளும் காய்கறித் தோட்டங்களும் பன்றிப் பண்ணைகளும் இருந்தன. நாய்கள் கட்டின்றித் திரிந்தன. அயலார் வந்தால் குரைத்து அறிவித்தன. இரப்பர்த் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர்க்கும் இக்காட்சி புதிதன்று. இன்ன வீட்டில் இன்ன நாய் என்பதை ஊரார் அனைவரும் அறிந்திருந்தனர். நாயும் ஊராரை மோப்பத்தால் அறிந்திருந்தது.

1960ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அந்தப் பத்தாண்டின் இடைப்பகுதியில் தோ பாயோவில் அடுக்குமாடி வீடுகளை எழுப்பத் தொடங்கிற்று. இன்று அவ்வட்டாரத்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். கழகத்தின் அடுக்குமாடி வீடு ஒன்றில் ஒரு நாய் மட்டுமே வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனத்தைச் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். தெருவிலிருந்து மீட்கப்பட்ட உள்ளூர்க் கலப்பின நாய்களையும் சில நிபந்தனைகளோடு வளர்ப்பதற்குப் பின்னர் வழி செய்யப்பட்டது. அத்தகைய நாய்களுக்கான உயர வரம்பு 2020ஆம் ஆண்டில் 55 சென்டிமீட்டராகத் தளர்த்தப்பட்டது.

அடுக்குமாடி வீட்டு நாய்க்கு முற்றம் இல்லை. வாயிலைத் திறந்தால் பொது நடைவழி, அதனைக் கடந்தால் மின்தூக்கி, அதற்கப்பால் பூங்கா. ஆகவே அன்றாட நடை அதற்கு உணவைப் போன்று இன்றியமையாதது. ஓடவும் மோந்து பார்க்கவும் வாய்ப்பில்லாத நாய், வீட்டிலே ஓயாது குரைத்து அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும். நாயை வெளியே அழைத்துச் செல்லத்தான் வேண்டும். ஆனால், அது செல்லும் இடம் அதற்கு மட்டும் உரியதன்று.

பாதையில் யார் யார்?

தோ பாயோ நகரப் பூங்கா 1970களில் உருவானது. குளங்களும் சிறு பாலங்களும் ஓங்கிய காட்சிக் கோபுரமும் உடைய அப்பூங்காவிற்கு அந்நாளில் மணமக்கள் வந்து புகைப்படம் எடுத்துக்கொள்வது வழக்கம். இன்றும் அங்கே காற்று வாங்க வருவோர் பலர். தோ பாயோவின் கிழக்கு ஓரமாகக் காலாங் ஆறு ஓடுகின்றது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுடைய அது, சிங்கப்பூரின் மிக நீளமான ஆறாகும். அதன் கரையோரம் பீஷான் - அங் மோ கியோ பூங்காவிலிருந்து காலாங் ஆற்றோரப் பூங்கா வரை இணைப்புப் பாதை அமைக்கப்பட்டுள்ளது.

இப்பாதைகளில் செல்வோரை எண்ணிப் பாருங்கள். நாயைக் கண்டால் அழுதுவிடும் குழந்தை ஒன்று. ஊன்றுகோலுடன் வரும் பாட்டியார் ஒருவர். நாயின் எச்சில் பட்டால் சமயமுறைப்படி கழுவித் தூய்மை செய்துகொள்ள வேண்டிய மலாய் முஸ்லிம் அண்டை வீட்டார். விரைந்து வரும் மிதிவண்டிக்காரர். மற்றொரு நாயோடு வரும் மற்றொருவர். இவர்கள் அனைவருக்கும் அப்பாதையில் சம உரிமை உண்டு.

வார் எதற்காக?

"என் நாய் யாரையும் கடிக்காது" என்று நாய் வளர்ப்போர் பலர் கூறுவர். அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அந்த உண்மையை அறிந்தவர் அவர் ஒருவரே. எதிரே வரும் குழந்தை அதனை எவ்வாறு அறியும்? நாய் கடிக்காவிடினும், அது தாவி வருவதைக் கண்டு பின்வாங்கும் முதியவர் தடுக்கி விழுந்தால் எலும்பு முறியும். அஞ்சி ஓடும் சிறுவன் மிதிவண்டிக்கு எதிரே போய் விழக்கூடும். நாயின் குணத்தை அறியாதவருக்கும் பாதையில் அமைதியாக நடக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமைக்கு நாய் வளர்ப்போர் தரும் உறுதிமொழிதான் வார்.

சிங்கப்பூரில் சட்டமும் அதையே வற்புறுத்துகின்றது. 3 மாதத்திற்கு மேற்பட்ட நாய் ஒவ்வொன்றுக்கும் உரிமம் பெறுதல் வேண்டும். அதன் உடலில் அடையாள நுண்சில்லு பொருத்தப்படுதல் வேண்டும். உரிமமின்றி நாய் வளர்ப்போருக்கு 5,000 வெள்ளி வரை தண்டம் விதிக்கப்படலாம். பொது இடங்களில் நாயை வாரிலே பிடித்திருத்தல் கட்டாயம். ராட்வீலர், டோபர்மேன் போன்ற வலிய இனங்களுக்கு வாரோடு வாய்ப்பூட்டும் வேண்டும். இவற்றையெல்லாம் கண்காணிக்கும் விலங்குநல மருத்துவச் சேவை, 2019ஆம் ஆண்டுமுதல் தேசியப் பூங்காக் கழகத்தின் ஒரு பிரிவாக இயங்கி வருகின்றது.

வட்டக் கணக்கு

வார் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதற்குப் பள்ளியில் கற்கும் கணக்கே விடை தரும். ஒருவர் ஓரிடத்தில் நிற்கின்றார். அவர் கையிலுள்ள வாரின் நீளம் ஒன்றரை மீட்டர். நாய் சுற்றிவரக்கூடிய வட்டத்தின் ஆரம் ஒன்றரை மீட்டர்; பரப்பளவு ஏறத்தாழ 7 சதுர மீட்டர். இப்பொழுது இழுக்க இழுக்க நீளும் வகையைச் சேர்ந்த 5 மீட்டர் வாரை எடுத்துக்கொள்வோம். அதன் வட்டம் ஏறத்தாழ 78 சதுர மீட்டர்! வாரின் நீளம் மூன்று மடங்கிற்குச் சற்றே மிகுந்தது. நாயின் ஆட்சிக்குட்பட்ட இடமோ பதினொரு மடங்காகப் பெருகிவிட்டது. அகலம் குறைந்த பூங்காப் பாதை முழுவதும் அந்த வட்டத்திற்குள் அடங்கிவிடும்.

இன்னொரு கணக்கும் பார்ப்போம். பூங்கா இணைப்புப் பாதைகளில் மிதிவண்டியின் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். அஃதாவது ஒரு வினாடியில் ஏறத்தாழ 7 மீட்டர். வலப்புறம் நாயும் இடப்புறம் அதன் தலைவருமாக நிற்க, நடுவே மெல்லிய வார் நீண்டு கிடக்குமானால், மாலை மங்கலில் அது மிதிவண்டிக்காரரின் கண்ணுக்குத் தெரியாது. 7 மீட்டர் தொலைவில் அதனைக் கண்டுகொண்டாலும், வண்டியை நிறுத்த அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வினாடிதான். ஆகவே நெரிசலான பாதையில் நீளும் வாரைத் தவிர்த்து, ஒன்றரை மீட்டர் அளவிலான சாதாரண வாரைக் கொள்வதே அறிவுடைமை.

வாரைப் பிடிக்கும் முறை

சிங்கப்பூரில் பாதையின் இடப்புறமாகச் செல்வதே வழக்கம். ஆகையால் நாயையும் நமக்கு இடப்புறத்தில், புல்தரை ஓரமாக நடத்துதல் நன்று. அப்பொழுது எதிரே வருவோருக்கும் நாய்க்கும் இடையே நாமே தடுப்பாக அமைவோம். வாரின் நுனியிலுள்ள வளையத்தைப் பெருவிரலில் மாட்டி, உள்ளங்கையால் இறுகப் பற்ற வேண்டும். மற்றொரு கை வாரின் நடுப்பகுதியைத் தாங்கி, வேண்டும்போது நீளத்தைக் குறைக்கலாம். வாரைக் கையில் பல சுற்றுகளாகச் சுற்றிக்கொள்ளலாகாது. நாய் திடீரென்று பாய்ந்தால் விரல்கள் நெரிந்து காயமுறும். பெரிய நாயைச் சிறுவர் தனியே பிடித்துச் செல்வதும் தகாது.

வார் எந்நேரமும் விறைத்திருக்கவும் கூடாது. சற்றே தொய்ந்து தொங்குவதே சரியான நிலை. கழுத்து இழுபட்டுக்கொண்டே இருக்கும் நாய் மேலும் முரண்டு பிடிக்கும். அது முன்னே இழுத்தால் நாம் நின்றுவிட வேண்டும்; வார் தளர்ந்த பின்னரே மீண்டும் நடக்க வேண்டும். சில நாள்களில், இழுத்தால் பயணம் நின்றுவிடும் என்பதை நாய் புரிந்துகொள்ளும். அதற்கு அடியும் அதட்டலும் வேண்டா. பொறுமை ஒன்றே போதும்.

எதிரே குழந்தையோ மற்றொரு நாயோ வரக் கண்டால் வாரைச் சுருக்கிப் பாதையின் ஓரத்திற்கு ஒதுங்குதல் வேண்டும். நாயை அமரச் செய்து, அவர்கள் கடந்த பின்னர் நடத்தலாம். மின்தூக்கியில் முன்னரே ஆள் இருந்தால், அவருடைய இசைவைக் கேட்ட பின்னரே நாயோடு நுழைதல் பண்பாகும். அவர் தயங்கினால் அடுத்த முறை மின்தூக்கி வரும்வரை காத்திருப்பதால் நமக்கு யாதொரு குறையும் நேராது.

எதிரே வருவோர் கடமை

'குரைக்கின்ற நாய் கடிக்காது' என்பது பழமொழி. அதனை நம்பிக் குரைக்கும் நாயின் அருகே சென்றுவிடாதீர்கள். குரைத்த பின்னர்க் கடித்த நாய்களும் உண்டு. வாலாட்டும் நாயெல்லாம் நட்புப் பாராட்டுகின்றது என்பதும் சரியன்று. உடல் தளர்ந்து, வால் அகலமாக ஆடினால் அது மகிழ்ச்சியின் அடையாளம். உடல் விறைத்து, வால் உயர்ந்து, முதுகுமயிர் சிலிர்த்து நின்றால் அது எச்சரிக்கை. காதுகளைப் பின்னே மடித்து, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கிக்கொள்ளும் நாய் அஞ்சுகின்றது. அஞ்சும் நாயும் கடிக்கும்.

நாய் ஒன்று நெருங்கினால் கூச்சலிட்டு ஓடாதீர்கள். ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு. கைகளை உடலோடு ஒட்டி, மரம்போல் அசையாது நின்று, அதன் கண்களை உற்றுப் பாராமல் வேறு புறம் நோக்குங்கள். பெரும்பாலும் அது மோந்து பார்த்துவிட்டு அகன்றுவிடும். நாயைத் தடவிப் பார்க்க விரும்பினால் முதலில் அதன் தலைவரிடம் இசைவு கேளுங்கள். அவர் இசைந்தால், நாய் தானாகவே அருகே வந்து உங்கள் கையை மோந்து பார்க்கட்டும். பின்னர் மார்பையோ தோளையோ மெல்லத் தடவலாம். எடுத்த எடுப்பில் தலைமீது கை வைப்பதை நாய்கள் விரும்புவதில்லை. கண்பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாயைக் கண்டால் அழைக்கவோ தொடவோ வேண்டா. அது தன் கடமையில் ஈடுபட்டிருக்கின்றது.

நீர்நாயும் குடிநீரும்

காலாங் ஆற்றங்கரையில் செல்வோர் மற்றொரு குடும்பத்தையும் சந்திக்கலாம். அவை நீர்நாய்கள். பெயரில் 'நாய்' இருப்பினும் அவை நாயினத்தைச் சேர்ந்தவை அல்ல. ஒரு காலத்தில் சிங்கப்பூரில் காணப்படாது போன நீர்நாய்கள் 1990களின் இறுதியில் மீண்டும் வந்தன. 1977ஆம் ஆண்டுமுதல் 1987ஆம் ஆண்டுவரை சிங்கப்பூர் ஆறும் காலாங் வடிநிலமும் தூய்மை செய்யப்பட்டன. 2012ஆம் ஆண்டில், பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் காங்கிரீட்டுக் கால்வாயாக இருந்த காலாங் ஆறு, வளைந்து நெளிந்தோடும் இயற்கை ஆறாக மாற்றியமைக்கப்பட்டது. அதன்பின் நீர்நாய்க் குடும்பம் ஒன்று அங்கே தங்கிப் பெருகிற்று. குட்டிகளோடு இருக்கும் நீர்நாய்கள், வாரின்றி நெருங்கும் நாயைக் கூட்டமாக எதிர்த்துக் கடிக்கும். இரு பக்கமும் காயம் நேரும். அவற்றைக் கண்டவுடன் வாரைச் சுருக்கித் தொலைவில் நிற்பதே நாய்க்கும் நல்லது, நீர்நாய்க்கும் நல்லது.

தோ பாயோவிற்கு அருகிலுள்ள மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தையொட்டிய காட்டுப் பகுதி இயற்கை வனப் பாதுகாப்பகமாகும். அத்தகைய காப்பகங்களுக்குள் நாயை அழைத்துச் செல்லுதல் கூடாது. நாயின் மோப்பமும் குரைப்பும் அங்கே வாழும் சிறு விலங்குகளை அச்சுறுத்தும். நுழைவாயில் அறிவிப்புப் பலகையை எப்பொழுதும் படித்துப் பார்க்க வேண்டும்.

நாயின் மலத்தை அப்புறப்படுத்துதல் நாய் வளர்ப்போரின் நீங்காக் கடமை. "மழை வந்தால் கரைந்துவிடும்" என்பார் சிலர். கரைந்து எங்கே போகும்? வடிகாலில் இறங்கும், வடிகால் காலாங் ஆற்றில் சேரும், ஆறு மரினா நீர்த்தேக்கத்தில் கலக்கும். 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு கடல்நீரைத் தடுத்து அந்நீர்த்தேக்கத்தை உருவாக்கியது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அங்கே வந்து சேர்கின்றது. அந்நீர் சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்க்கே வருகின்றது. மேலும், நாயின் குடலில் வாழும் சில புழுக்களின் முட்டைகள் மண் வழியாகக் குழந்தைகளின் வயிற்றை அடையக்கூடும். விடியுமுன் எழுந்து பேட்டையைக் கூட்டிப் பெருக்கும் துப்புரவுத் தொழிலாளர்களின் கைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நம் நாயின் அழுக்கை அவர்கள் தலையில் சுமத்துவது எவ்வகையில் நியாயம்? ஒரு பையை உடன் எடுத்துச் சென்று, மலத்தை அள்ளி முடிச்சிட்டுக் குப்பைத்தொட்டியில் இட அரை நிமிடம் போதும்.

வெயிலின் கொடுமை

நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். நாக்கை நீட்டி மூச்சிரைத்தே அது தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்த சிங்கப்பூரில் அவ்வழியும் எளிதிற் பயன் தருவதில்லை. மூக்குக் குறுகிய பக், ஷி சூ போன்ற இனங்கள் மேலும் துன்புறும். நண்பகலில் சிமெண்டுப் பாதை அடுப்புக்கல்போல் கொதிக்கும். செருப்பணிந்த நமக்கு அது தெரிவதில்லை. புறங்கையைத் தரையில் வைத்து 5 வினாடி பொறுக்க முடியாவிட்டால், அத்தரையில் நாயை நடத்தலாகாது. காலை வேளையும் வெயில் தாழ்ந்த மாலை வேளையுமே நடைக்கு ஏற்றவை. குடிக்கத் தண்ணீரும் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

கடித்துவிட்டால்?

வெறிநோய் என்னும் கொடுநோய் பெரும்பாலும் நாய்க்கடியாலேயே மனிதரைத் தொற்றுகின்றது. நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைத்தல் மிக அரிது. ஆயினும், கடியுண்டவுடன் தடுப்பூசி போட்டுக்கொண்டால் காத்துக்கொள்ளலாம். 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர், வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனை இத்தடுப்பூசியால் காப்பாற்றினார். அவர் பெயரால் 1907ஆம் ஆண்டில் தமிழகத்துக் குன்னூரிலும் ஒரு நிலையம் நிறுவப்பட்டது.

சிங்கப்பூரில் 1953ஆம் ஆண்டுமுதல் வெறிநோய் இல்லை. ஆயினும் அண்டை நாடுகளில் அது இன்னும் ஒழியவில்லை. சரவாக்கில் 2017ஆம் ஆண்டில் அது பரவிப் பலரின் உயிரைக் குடித்தது. உரிமமும் நுண்சில்லும் இறக்குமதிக் கட்டுப்பாடும் இந்த நாட்டைக் காக்கும் வேலிகள். எந்த நாடாயினும், நாய் கடித்தால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ பூசிவிட்டு வாளாவிருத்தல் உயிருக்கே ஊறு விளைவிக்கும். 'ஏசுவார்களே' என்று அஞ்சிச் சிறுவர் காயத்தை மறைத்தலும் ஆகாது. பெற்றோர் இதனைப் பிள்ளைகளுக்கு முன்னரே அன்போடு சொல்லிவைக்க வேண்டும்.

நிறைவாக ஒன்று. பாதையில் ஒரு குழந்தை அஞ்சி அலறினால், அவ்வச்சம் அன்றோடு ஒழிவதில்லை. அது வளர்ந்த பின்னும் எந்த நாயையும் வெறுக்கும். ஒருவரின் கவனக்குறைவால் அண்டை வீட்டார் மனம் கசந்தால், நன்கு பழக்கப்பட்ட நாய்களின்மீதும் புகார்கள் எழும். இறுதியில் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுவது வாயில்லாப் பிராணியே. அவ்வாறன்றி, வாரைச் சுருக்கி ஓரமாக நிற்கும் ஒருவரையும் அவரருகே அமைதியாக அமர்ந்திருக்கும் நாயையும் அக்குழந்தை நாள்தோறும் கண்டால், அச்சம் சிறிது சிறிதாகக் கரையும். பின்னொரு நாள் அதுவே, "தடவிப் பார்க்கலாமா, மாமா?" என்று கேட்டு நிற்கும். நாய் வளர்ப்போர் ஒவ்வொருவரும் அந்தக் கேள்விக்கு உரியவராக நடந்துகொள்வாராக!